கெத்தாராம, செப்டெம்பர் மழை

செப்டெம்பர் 10, 2023, ஞாயிறு இரவு

பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம், 24.1 ஓவரில் மழை கொட்டத் தொடங்கியது. இந்தியா 2 விக்கெட்டுக்கு 147. ஆசியக் கிண்ணத்தை அம்பாந்தோட்டைக்கு மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டு, கடைசியில் கொழும்பிலேயே என்று முடிவான நாளிலிருந்து நான் வானத்தைப் பார்த்தபடிதான் இருக்கிறேன். மைதான விளம்பரப் பலகைகள் விற்பதுதான் என் வேலை. விருந்தினர் பொக்ஸில் என் அனுசரணையாளர்கள் மூன்று பேர், அவர்களுடைய விருந்தாளிகள் நாற்பது பேர். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: நாளைக்கு இதே டிக்கெட் செல்லுமா? செல்லும், பத்திரமாக வைத்திருங்கள் என்று ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னேன்.

கெத்தாராம என்று நாங்கள் சொல்லும் இந்தப் பிரேமதாச மைதானத்தில் ஆடுகளத்தை மட்டும் மூடிவிட்டு நிற்பதில்லை, மைதானம் முழுவதையும் மூட வேண்டும். ஒரு ஐயா, அறுபது வயதிருக்கும், வெறுங்காலோடு ஓடிவந்து காற்றில் எழும்பிய படங்கின் ஓரத்தில் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். பொடியன்கள் டயர் உருட்டிக்கொண்டு வரும்வரை எழும்பவேயில்லை. நாங்கள் விற்கிற ஒவ்வொரு விளம்பர விநாடியும் அந்த மனிசனின் நெஞ்சுக்குக் கீழேதான் கிடந்தது.

செப்டெம்பர் 12

நேற்று மாற்று நாளில் கோலி 122, ராகுல் 111, இருவருமே ஆட்டமிழக்கவில்லை. பாகிஸ்தான் 128. எங்கள் பலகைகள் திரையில் நன்றாக விழுந்தன, சரி.

இன்று காலை துபாயிலிருந்து வேலைக் கடிதம். சம்பளம் இங்கே வாங்குவதைப் போல நாலு மடங்கு. சர்வதேச கிரிக்கெட் பேரவையான ஐ.சி.சி. 2005இல் லோர்ட்ஸை விட்டுத் துபாய்க்குப் போனது, இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த பலரும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

பள்ளிக்கூடங்களின் வருடாந்தக் கிரிக்கெட் போட்டியான பிக் மேட்ச் மலருக்காக வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளுக்கு ஏறி இறங்கி கால் பக்க விளம்பரம் சேர்த்ததுதான் என் முதல் வேலை. ஒரு நகைக்கடை முதலாளி, "தம்பி, மலர் வந்ததும் என்ர பக்கத்தைக் கொண்டுவந்து காட்டு" என்றார். கொண்டுபோய்க் காட்டினேன். அடுத்த வருடம் முழுப் பக்கம் தந்தார். அப்பா சீமா (CIMA) கணக்கியல் படிப்பை முடிக்கச் சொன்னார், முடித்தேன், அப்புறம் 2012இல் ஸ்ரீ லங்கா பிரீமியர் லீக், அதாவது எஸ்.எல்.பி.எல். வந்ததும் கணக்கு வேலையை விட்டுவிட்டு இதற்குள் இறங்கினேன். அந்தத் தொடர் ஒரே பருவத்தோடு நின்றுபோக எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். 2020இல் லங்கா பிரீமியர் லீக் (எல்.பி.எல்.) தொடங்கியபோது பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத மைதானத்துக்குப் பலகை விற்றோம்.

செப்டெம்பர் 15, அதிகாலை

பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 2 ஓட்டம் வேண்டும், நம்முடைய அசலங்க எடுத்துவிட்டார்! இறுதிப் போட்டியில் இலங்கை. தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து சேருவதற்குள் பொக்ஸில் இடம் கேட்டு பன்னிரண்டு அழைப்புகள்.

செப்டெம்பர் 17

50. ஐம்பது ஓட்டம்தான். இந்தியாவின் சிராஜ் ஒரே ஓவரில் 4 விக்கெட், மொத்தம் 21 ஓட்டத்துக்கு 6. நம்மவர்கள் ஆடியது 15.2 ஓவர், இந்தியாவுக்குத் தேவைப்பட்டது 6.1. இரண்டு பக்கமும் சேர்த்து 600 பந்து என்ற கணக்கில் விற்ற இடம், வீசப்பட்டது 129 பந்து. எங்கள் ஒப்பந்தத்தில் மழையால் கைவிடப்பட்டால் ஈடு உண்டு, ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் எதுவும் கிடையாது. இரவுச் சாப்பாட்டுக்கு வந்த புரியாணிச் சட்டிகளைத் திறக்கவேயில்லை, அதற்குள் பொக்ஸ் காலி.

சிராஜ் தன் ஆட்டநாயகன் பரிசான 5,000 டொலரை மைதான ஊழியர்களுக்கே கொடுத்துவிட்டார். ஆசிய கிரிக்கெட் கவுன்சிலும் கொழும்பு, கண்டி ஊழியர்களுக்கு 50,000 டொலர் அறிவித்திருக்கிறது. கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அந்த ஐயாவைத் தேடிக் கீழே போனேன், காணவில்லை.

செப்டெம்பர் 19

மின்னஞ்சலில் அறிக்கை அனுப்பினால் போதும் என்றார்கள் மேலே. எனக்கு மனம் ஒப்பவில்லை. திரையில் எத்தனை விநாடி வந்தது, சொன்னதைவிட எவ்வளவு குறைந்தது என்று ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு முதல் அனுசரணையாளரிடம் நேரில் போனேன். வாசித்ததும் முகம் கறுத்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை, பிளேன்டீ ஆறிப்போனது. பிறகு, "ஒருத்தரும் இப்பிடிக் கொண்டுவந்து காட்டினதில்லை" என்றார். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் அடுத்த உள்ளூர்த் தொடரில் இரண்டு பலகையாவது அவருக்குக் கேட்டு வாங்கித் தர வேண்டும்.

துபாய்க்கு இரண்டு வார அவகாசம் கேட்டு எழுதினேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு பேருக்குத் தாள் காட்ட வேண்டும், நாளை காலை 9 மணிக்கு யூனியன் பிளேஸ்.