புகைப்பட அனுமதியோடு ஒளிப்பதிவுக்குப் போன கதை

மட்டக்களப்பில் உள்ள சிறிய நூதனசாலை ஒன்றின் பொறுப்பாளரை ஏழு நிமிட ஆவணப் பேட்டியாகப் பதிவுசெய்து முடிக்க எனக்கும் நண்பருக்கும் ஆறு வாரங்கள் பிடித்தன. அவற்றுள் உண்மையான ஒளிப்பதிவுக்குச் செலவானது ஒரே ஒரு நாள். மிச்சமெல்லாம் கடிதத்தோடு கழிந்தன.

எங்கள் முதற் கடிதத்தில் "புகைப்படம் எடுப்பதற்கு" என்று எழுதியிருந்தேன். கல்முனையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர், முக்காலியையும் விளக்குத் தாங்கியையும் பஸ்ஸின் பின்னிருக்கையில் கிடத்திக்கொண்டு, கல்லடிப் பாலம் கடந்து வந்திறங்கிய எங்களை முன்மேசையில் இருந்த எழுதுவினைஞர் அந்த ஒரு சொல்லைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, இதில புகைப்படம் எண்டுதான் கிடக்கு. வீடியோவுக்கு மேல இருந்து வேற அனுமதி வர வேணும்." பொறுப்பாளர் உள்ளே காத்திருக்கிறார் என்றோம். "மெடம் கதைக்கிறதெண்டா கதைக்கட்டும், கமரா உள்ளுக்குப் போகேலாது" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் அதே கடிதத்தைப் பத்து நாட்களுக்கு முன் கையெழுத்திட்டு வாங்கி வைத்தவரும் அவரேதான் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

ஆகவே, இத்தகைய வேலையில் இறங்குவோர் கடிதத்தில் "ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, புகைப்படம்" மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். வருவோர் எத்தனை பேர், கொண்டுவரும் கருவிகள் எவை, விளக்குப் பயன்படுமா, படம் எங்கே வெளியாகும் என்பனவும் அதிலேயே இருக்கட்டும். பெற்றுக்கொண்ட திகதி முத்திரையோடு ஒரு பிரதியைக் கையில் வைத்திருப்பதும் அவசியம். இரண்டாவது அனுமதி வந்த பின்னர் நாங்கள் குறித்த நாள் போயா (பௌர்ணமி) விடுமுறை என்பதைப் பொறுப்பாளரே தொலைபேசியில் சொல்லி இன்னொரு வீண் பயணத்திலிருந்து காப்பாற்றினார்.

ஒளிப்பதிவு நாளில் அவர் கஞ்சி போட்ட மருதமுனைக் கைத்தறிச் சேலையில் வந்தார். படத்துக்கு அதைவிட அழகான உடை கிடையாது; நெஞ்சில் குத்தும் சிறிய ஒலிவாங்கிக்கோ அதைவிடப் பகையும் கிடையாது. அவர் மூச்சு விடும்போதெல்லாம் சருகை மிதிப்பது போன்ற சரசரப்பு காதில் விழுந்தது. ஒட்டுநாடாவை மடித்தும் சுருட்டியும் நாங்கள் இருவரும் கால் மணி நேரம் திண்டாடியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கைப்பையிலிருந்து இரண்டு ஊசிகளை எடுத்து, தோள் மடிப்பைச் சட்டையோடு இறுக்கிக் குத்திக்கொண்டு, "சேலை அசையாட்டிச் சத்தம் வராதுதானே தம்பி" என்றார். வரவில்லை. வளையல்களையும் தாமாகவே கழற்றி மேசையில் வைத்தார். மின்விசிறியை நிறுத்தியதால் மூவரும் வியர்வையில் நனைந்தோம்.

பேட்டி தடையின்றி முடிந்தது. "ஒல்லாந்தர் கட்டிய கோட்டையைப் பற்றி" என்று நான் ஒரு கேள்வியைத் தொடங்கியபோது மட்டும் இடைமறித்து, 1628இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள் என்று திருத்தினார். என் குரலை வெட்டிவிடுவதே திட்டமாக இருந்தது. ஆனால் பிழை இல்லாமல் திருத்தம் மட்டும் நின்றால் அவர் யாரைத் திருத்துகிறார் என்பது விளங்காது. எனவே என் பிழையும் படத்தில் இருக்கிறது.

காட்சிப்பொருட்களை எடுத்தபோதுதான் அடுத்த அடி விழுந்தது. ஓலைச்சுவடிகளுக்கு முன்னால் விளக்கைக் கொண்டுபோக அவர் விடவில்லை. இத்தகைய பொருட்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சமே போதும், மங்கிய ஏடு திரும்பாது என்றார். குழல்விளக்கின் வெளிச்சத்திலேயே வெற்றிலை வட்டா, படிக்கம், கரப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மதியம் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தால், பளபளவென்று துலக்கிய வட்டாவின் மேல் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; குழல்விளக்கும் அந்தத் தாளத்துக்கு ஏற்பக் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கும். கமராவோ அதற்குப் பொருந்தாமல் விநாடிக்கு 30 சட்டகம், 1/60 விநாடி ஷட்டர் என்று வாங்கிய நாள் முதல் மாற்றப்படாமலே இருந்தது. கமராவின் சிறிய திரையில் அது தெரியவேயில்லை. 25 சட்டகம், 1/50 என்று மாற்றி அத்தனையையும் மறுபடி எடுத்து முடித்தபோது, காவலர் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார்.

அனுமதி நிபந்தனைப்படி முடிந்த படத்தின் பிரதி ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே எழுதுவினைஞர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை ஒப்படைக்கிறதுக்குக் கடிதம் கொண்டு வந்திருக்கிறீங்களா?" என்று கேட்டார். பையிலிருந்து எடுத்து நீட்டினேன், இரண்டு பிரதிகள்.