பட்டியலில் இல்லை என்று சொல்லப்பட்ட மருந்து

அம்மா புது மாத்திரை சாப்பிடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் நாங்கள் அலைந்த ஐந்து வாரத்தைப் பற்றி இப்போதுதான் கை நடுங்காமல் எழுத முடிகிறது.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். 2019இல் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆரம்பக் கட்டம்தான். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து நன்றாக இருந்தார். போன வருடம் இடுப்பு வலிக்கிறது என்று பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனார். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. டாக்டர் ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்து, பொறுமையாக விளக்கவும் செய்தார்.

கட்டண ஆலோசனை முகப்பில்தான் தொல்லை ஆரம்பித்தது. அங்கிருந்த ஊழியர் கணினியைப் பார்த்துவிட்டு, "இது புற்றுநோய் மருந்துப் பட்டியலில் இல்லை. மானியம், மெடிஷீல்ட் லைஃப், மெடிசேவ் எதுவும் கிடைக்காது" என்றார். இந்த உதவிகள் எந்தெந்தப் புற்றுநோய் மருந்துக்குக் கிடைக்கும் என்று சொல்வதுதான் அந்தப் பட்டியல். மெடிஷீல்ட் லைஃப் அரசின் மருத்துவக் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு. மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் ஆகும் என்று ஒரு மதிப்பீட்டுத் தாளை நீட்டினார். ஏன் இல்லை என்று கேட்டேன். "பட்டியலில் இல்லை" என்ற அதே பதில்தான் திரும்ப வந்தது. எங்கள் வீடு இருக்கும் ஈசூனுக்குத் திரும்பும் ரயிலில் அம்மா, "பழைய மருந்தையே குடுக்கச் சொல்லும்மா. உங்க காசையெல்லாம் இதுல கொட்ட வேணாம்" என்றார். அந்த வார்த்தையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்றிரவு சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் அந்தப் பட்டியலை நானே திறந்தேன். மாத்திரையின் பெயர் இருந்தது! பெயருக்குப் பக்கத்தில், எந்த நோய்நிலைக்கு, எந்த மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் என்று ஒரு நீண்ட வரி. அம்மாவுக்கு டாக்டர் சொன்னது அப்படியே அந்த வரிதான். முகப்பு ஊழியரோ 2019இல் பதிவான "ஆரம்பக் கட்டம்" என்ற பழைய குறிப்பை வைத்துத் தேடியிருக்கிறார். ஆரம்பக் கட்டத்துக்கு அந்த மாத்திரை பட்டியலில் இல்லை, பரவிய நிலைக்கு உண்டு.

2022 செப்டம்பருக்கு முன்பு எந்தப் புற்றுநோய் மருந்தானாலும் மெடிஷீல்ட் லைஃபில் மாதம் 3,000 வெள்ளி வரை கோரலாம். இப்போது அப்படி இல்லை. மருந்துக்கு மருந்து, நோய்நிலைக்கு நோய்நிலை வரம்பு வேறு. இதற்கான மதிப்பீட்டைச் செய்வது, சுகாதார அமைச்சு 2015இல் தொடங்கிய ஏஸ் என்ற அமைப்பு. ஏற்கெனவே இருக்கும் சிகிச்சையைவிடப் புது மருந்து எவ்வளவு கூடுதல் பலன் தருகிறது, அந்தப் பலனுக்கு நிறுவனம் கேட்கும் விலை நியாயமா என்று அவர்கள் பார்க்கிறார்கள். ஒரே மருந்து ஒரு நோய்நிலையில் விலைக்கேற்ற பலன் தரும், இன்னொன்றில் தராது. அதனால்தான் வரி வரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பட்டியலுக்காக நிறுவனங்களிடம் பேரம் பேசியதில் மருந்து விலை சராசரியாக 30 விழுக்காடு குறைந்தது என்று அமைச்சு சொன்னது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த வரியை முழுதாகப் படிக்காமல் ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்பியதில்தான் என் கோபம்.

மறுநாள் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, பட்டியலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் போனேன். டாக்டரின் கடிதம் இல்லாமல் எதையும் மாற்ற முடியாது என்றார்கள். டாக்டர் அன்று விடுப்பில் இருந்தார். ஒரு நாள் வீண். கடிதம் கிடைக்க எட்டு நாள் ஆனது. அதில் "பரவிய நிலை" என்ற சொல்லும், உடன் கொடுக்கும் மருந்தின் பெயரும் இருக்கும்படி நானே கேட்டு எழுதி வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வெறும் "மார்பகப் புற்றுநோய்" என்று எழுதிய கடிதத்தால் ஒரு பயனும் இல்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தால், விலை கூடிய மருந்துகளுக்கு அரசு மானியம் தரும் மருந்து உதவி நிதிக்கான வருமான மதிப்பீட்டில் அடுத்த அடி. அம்மாவுக்குக் கிடைக்கும் மானிய விகிதம் நாங்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தது. தம்பி பொங்கோலில் வீடு வாங்கிப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனால் அவன் அடையாள அட்டையில் இன்னும் எங்கள் வீட்டு முகவரி. அவன் சம்பளத்தையும் எங்கள் குடும்பக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். வீடு மாறினால் 28 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தவறு எங்களுடையதுதான். முகவரியை மாற்றுவதற்கான ரகசிய எண் அஞ்சலில் வரும்வரை காத்திருந்தோம். இந்த இடத்தில் எங்களுக்குக் கை கொடுத்தது மருத்துவ சமூக சேவையாளர். எந்தத் தாள் முதலில், எது பிறகு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். முதல் நாளே அவரைப் பார்த்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

மானியம், மெடிஷீல்ட் லைஃப், மெடிசேவ் எல்லாம் கழிந்து, மருந்தகத்தில் முதல் பில்லை நீட்டியபோது இரண்டு தடவை பார்த்தேன். நான் கையிலிருந்து கட்ட வேண்டியது 100 வெள்ளிகூட இல்லை. அம்மாவிடம் காட்டினேன். தொகையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை. ஏஸ் ஒரு மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்றால் அது கெட்ட மருந்து என்று பொருள் இல்லை. நிறுவனம் கேட்ட விலைக்குப் பலன் போதவில்லை என்பதாக இருக்கலாம். பட்டியலும் அவ்வப்போது மாறுகிறது. நோயாளிகளுக்காக எளிய ஆங்கிலத்தில் சுருக்கமும் போடுகிறார்கள், காரணம் அதில் இருக்கும். "இல்லை" என்ற ஒரு சொல்லோடு முகப்பிலிருந்து எழுந்து வந்துவிடாதீர்கள். எந்த நோய்நிலைக்கு இல்லை என்று கேளுங்கள்.

மதிப்பீடு செய்யும்போது நோயாளிகளின் அனுபவத்தையும் ஏஸ் கேட்கிறது. நாங்கள் சேர்ந்திருக்கும் ஆதரவுக் குழு வழியாகப் போன மாதம் ஒரு படிவம் வந்தது. வேறு ஒரு மருந்துக்கானது. அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதினேன். புதிய சிகிச்சையிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு நீண்ட நேரம் யோசித்தார்.

"காலையில நானே எழுந்து, நானே தோசை சுடணும். அத எழுது" என்றார். எழுதி அனுப்பினேன்.