தூண் நிழல்

நவம்பர் 7
மழை. ஆய்வேட்டு கைடு இன்றும் கூப்பிடவில்லை.

நவம்பர் 8
சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை விட்டு வெளியே வர முடியவில்லை. 24 விரல் ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். என் கட்டைவிரலை ஸ்கேலில் வைத்துக் கணக்குப் போட்டேன். அகலம் 11 அடி, நீளம் பன்னிரண்டரை அடி. அப்புறம் டேப்பை எடுத்து ஹாலை அளந்தேன்.

"என்னம்மா, டைல்ஸ் மாத்தப் போறியா?"

"மாதவி ஆடின மேடைப்பா."

"நம்ம ஹாலுக்குள்ளயே அடங்கிடும் போலிருக்கே!"

அடங்கும். டிவி ஸ்டாண்டை மட்டும் நகர்த்த வேண்டும்.

அளவைவிட விளக்குதான் என்னை விடமாட்டேன் என்கிறது. தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைத்தார்கள் என்கிறார் இளங்கோ. ஆடுகிறவள் எங்கே நிற்பாள், பார்க்கிறவன் கண் எங்கே போகும் என்று யோசித்த ஆளுக்குத்தான் இந்த வரி வரும். நாடக விமர்சனத்துக்கு இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

நவம்பர் 10
ஆழ்வார்பேட்டையில் நாடகம். இரண்டாம் பாதி முழுக்க, தொங்கவிட்ட துணியின் நிழல் நாயகி முகத்தில். முடிந்ததும் டீக்கடையில் 'பிரதி', 'அதிகாரம்' என்று ஒரே பேச்சு. அவள் முகமே தெரியவில்லை என்றேன். அது உத்தி என்றார்கள். சரி.

நவம்பர் 13
ஆய்வேட்டின் இயல் கைடிடமிருந்து திரும்பி வந்தது. தெருக்கூத்தின் கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியக்காரன் பற்றிய பகுதியின் ஓரத்தில் சிவப்பு மையில்: 'பிரெக்ட் எங்கே?'

கூத்தில் ராஜா திரைக்குப் பின்னால் பாடிக்கொண்டு வருவார். கட்டியக்காரன் 'யாருய்யா நீ?' என்பான். கதைக்குள்ளும் இருப்பான், நம்மிடம் ஊர்க்கதையும் பேசுவான். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டோ, 1935-இல் மாஸ்கோவில் மெய் லான்ஃபாங் என்ற சீன நடிகரைப் பார்த்தபிறகு, அந்த நடிப்பை வைத்தே விலகல் பற்றி, அதாவது பார்க்கிறவன் கதையில் மூழ்கிவிடாமல் தள்ளி நிற்கவைப்பது பற்றி, கட்டுரை எழுதியவர். அவர் சீனாவிடம் சாட்சி கேட்டார். நான் புரிசை ஊர்த் தெருக்கூத்துக்கு அவரிடம் போய்ச் சாட்சி வாங்க வேண்டுமாம்.

அடிக்குறிப்பில் போடுகிறேன். பொடி எழுத்தில்.

நவம்பர் 14
அப்பாவுக்கு 21-ஆம் தேதி ஆஞ்சியோ.

நவம்பர் 18
தூக்கம் இல்லை. இரண்டு மணிக்கு ஹால் லைட்டைப் போட்டு ஃபேன் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். அம்மாவிடம் திட்டு.

நவம்பர் 21
காலை ஆறு மணியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி. தொல்காப்பியர் அச்சத்துக்கு நான்கு காரணம் சொல்கிறார்: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன் போன்ற பெரியவர்). பில் கவுண்டரைக் கள்வரில் போட்டுவிடலாம். இந்தக் கதவை எதில் போடுவது?

உள்ளே போகுமுன் அப்பா கேட்டார்: "அன்னைக்குப் பார்த்த டிராமா நல்லாயிருந்துச்சா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே."

"முதல் பாதி நல்லாயிருந்துச்சுப்பா."

கைடு இப்போதுதான் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை வரச் சொல்கிறார், திருத்திய பிரதியோடு. திங்கள் எப்படி