வாய் நிறையக் காற்றோடு வளைக்குள் போகும் மீன்

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் பலரும் வலசைப் பறவைகளையும் முதலையையும் பார்க்கப் போவார்கள். நான் போனது சேற்று உளுவைக்காக, அதாவது கரையேறிச் சேற்றில் நடமாடும் மீனுக்காக. கடல் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும். ஏற்றத்தின்போது நடைபாதைக்குக் கீழே வெறும் தண்ணீர்தான் தெரியும்.

அலையாத்தி வேர்களுக்கு நடுவே ராட்சத உளுவை ஒன்று கிடந்தது. இந்த இனம் 27 செ.மீ. வரை வளரும். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. திடீரென்று ஒரு கண் குழிக்குள் போய், நனைந்து பளபளவென்று வெளியே வந்தது. மீன் கண் சிமிட்டுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்புறம் முன்துடுப்புகள் இரண்டையும் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து முன்னேறியது.

சாதாரண மீனைக் கரையில் போட்டால், செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டிவிடும். சுற்றிலும் அவ்வளவு காற்று இருந்தும் பயனில்லை. ராட்சத உளுவைக்கோ செவுளின் நுண்ணிதழ்களுக்கு நடுவே திசு இணைப்புகள் இருப்பதால் அவை சரிந்து ஒட்டுவதில்லை. உப்பிய கன்னத்துக்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வாயின் உட்புறச் சவ்வும் தோலும்கூட ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன. ஆனால் தோல் ஈரமாக இருந்தால்தான் அது நடக்கும். அதனால்தான் அடிக்கடி சேற்றில் புரண்டு எழுகிறது. இந்த மீனுக்குத் தண்ணீரைவிடக் காற்றுதான் பெரிய ஆதாரம் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

அதன் வளையில்தான் உண்மையான அதிசயம் இருக்கிறது. சேற்றுக்குள் தேங்கும் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். முட்டைகளோ அங்கேதான் வளர வேண்டும். அதனால் மீன் மேலே வந்து வாய் நிறையக் காற்றை அள்ளிக்கொண்டு, வளைக்குள் போய் விட்டுவிட்டு, மறுபடியும் வருகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்த மீனும் கன்னம் உப்பியபடியே துளைக்குள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மேலே வந்தது. காற்று சேர்க்கத்தான் போனதா என்று மேலிருந்து சொல்ல முடியாது.

இதை நன்றாக ஆராய்ந்திருப்பது ஜப்பானில், அங்குள்ள சிறிய உளுவை இனத்தில். முட்டைகள் வளைக்குள் உள்ள அறையின் கூரையில் ஒட்டியிருக்கும். காற்று நிரப்புவது அப்பா மீனின் வேலை. குஞ்சு பொரிக்கும் பருவம் வந்ததும், சேர்த்து வைத்த காற்றை அதுவே வாயில் அள்ளி வெளியே கொண்டுபோய்விடுகிறது. அறைக்குள் தண்ணீர் ஏறி முட்டைகளை மூடியதும், குஞ்சுகள் பொரித்து வெளிவருகின்றன.