ஆறு முக்காலிகள்

மதுரையில் ஒரு துணிக்கடையின் மூன்றாம் தளத்தில், பருத்திப் புடவைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் என் கால்களைக் கேட்டால் அவை நின்றதை மட்டுமே சொல்லும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லாத வேளையில்கூட, ரேக்கில் சற்றுச் சாய்ந்தால் போதும், கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் இன்டர்காமில் அழைத்துவிடுவார்.

2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா சட்டப்பேரவையில் கொண்டுவரப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ளும் வகையில் பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கேரளத்தில் இது 2018-லேயே வந்துவிட்டது. எங்கள் தளத்திற்குச் சில மாதங்கள் கழித்து ஆறு முக்காலிகள் வந்தன. நாங்கள் இருபத்திரண்டு பேர்.

ஒரு வாரம் உட்கார்ந்தோம். பிறகு ஒருநாள் முதலாளி வீட்டுப் பெரியவர் ஒருவர் சுற்றிப் பார்க்க வந்து, “என்ன, கடை காத்தாடுதா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை முக்காலிகள் மாடிப்படிக்கு அடியில், தள்ளுபடி விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் அடுக்கப்பட்டிருந்தன. உட்காரக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. தள மேலாளரிடம் கேட்டபோது, “நான் வேண்டாம்னு சொன்னேனாம்மா?” என்று அவர் எங்களையே திருப்பிக் கேட்டார். திட்டுகிற மேலாளரைச் சமாளித்துவிடலாம். எதையும் சொல்லாமலே எல்லாவற்றையும் நடத்திக்கொள்பவரிடம் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது? அவரைக் கொடியவர் என்றும் சொல்ல மாட்டேன். அவருக்கும் அந்தத் தளத்தில் நாற்காலி கிடையாது.

அந்த ஆண்டு ஆடித் தள்ளுபடி முடிந்தபோது என் இடது கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டிருந்தது. இறுக்கமான காலுறை அணியுங்கள், இடையிடையே உட்காருங்கள் என்றார் மருத்துவர். அன்று இரவு என் மகளின் பழைய நோட்டு ஒன்றில் தேதி, நேரம், யார் என்ன சொன்னார், எத்தனை மணி நேரம் நின்றேன் என்று எழுதத் தொடங்கினேன். புகார் கொடுக்கும் எண்ணம் அப்போது இல்லை. மனத்தில் புழுங்கியதைத் தாளில் இறக்கி வைத்தால் தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டையும் மருத்துவச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். “சார், உட்காரக் கூடாதுன்னா பணிப் பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் உட்காரல” என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. மறுநாள் மூன்று முக்காலிகள் திரும்பி வந்தன. மற்ற மூன்றும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றை வைத்து ஒரு முறை வகுத்துக்கொண்டோம். வாடிக்கையாளர் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை, கரையோடு கரை சேர்த்து, முந்தானை மேலே தெரியும்படி மடிக்கும் வேலையை நின்றுதான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆகவே மடிப்பு வேலையை ஒரே இடத்தில் குவித்து, மூன்று மூன்று பேராக இருபது நிமிடம் உட்கார்ந்து மடிக்கிறோம். கேமராவில் பார்ப்பவருக்கு வேலை நடப்பதும் தெரிகிறது. தீபாவளிக் கூட்டத்தில் இந்த முறை சிதறிவிடும். கூட்டம் வடிந்ததும் யாராவது ஒரு அக்கா மறுபடி தொடங்கி வைப்பார்.

நான்கு மணி நேரம் வேலை செய்தவருக்கு ஒரு மணி நேரமாவது ஓய்வு இடைவேளை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எங்களுக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி. நோட்டில் அதற்கென்று புதிய பக்கம் ஒன்றைச் சென்ற திங்கட்கிழமை தொடங்கியிருக்கிறேன்.