சோலோவுக்குப் பின்னால் பியானோ: நான் காம்பிங் படித்த விதம்

ஜாஸ் பியானோ படிக்கிற எல்லோரும் பெரிய கலைஞர்களின் சோலோக்களை (தனி வாசிப்புகளை) கேட்டு எழுதிப் பழகுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு குழுவில் போய் உட்கார்ந்தால், பெரும்பாலான நேரம் நாம் அடுத்தவருக்குத்தான் வாசிக்கிறோம். சோலோ வாசிப்பவருக்குப் பின்னால் துணையாக வாசிக்கும் இதற்குத்தான் காம்பிங் என்று பெயர். எனக்கு அதில் அதிகம் கைகொடுத்தது ஒரு பயிற்சி: சாக்ஸபோனையும் டிரம்பெட்டையும் விட்டுவிட்டு, அவற்றுக்குப் பின்னால் பியானோ செய்வதை மட்டும் கேட்டு எழுதுவது.

முதல் சுற்றில் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வர அடுக்குகளை) எழுத வேண்டாம், தாளத்தை மட்டும் எழுதுங்கள். கார்டு எங்கே விழுகிறது, டக்கென்று வெட்டுகிறாரா, நீட்டுகிறாரா, எத்தனை பார் (பெரும்பாலும் நான்கு தட்டு கொண்ட தாளச் சுற்று) கையே வைக்காமல் இருக்கிறார், இவ்வளவு போதும். தாளம் சரியாக விழுந்தால் சாதாரண கார்டே அழகாக ஒலிக்கும். விழாவிட்டால், ஐந்து ஸ்வரம் அடுக்கிய கார்டும் சோலோ வாசிப்பவரின் காலை வாரிவிடும்.

இதற்கு டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘கைண்ட் ஆஃப் புளூ’ மிக வசதி. அதில் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ என்ற ஒன்றுக்கு மட்டும் பியானோ விண்டன் கெல்லி; மற்ற நான்குக்கும் பில் எவன்ஸ். அதே டிரம்பெட், அதே பேஸ், அதே டிரம்ஸ். கெல்லி 12 பார் நீளமுள்ள புளூஸ் வடிவத்துக்குள் சோலோவைத் துள்ளலோடு தள்ளிக்கொண்டே இருப்பார். எவன்ஸ் கார்டை வைத்துவிட்டு அது காற்றில் நிற்கட்டும் என்று விடுவார். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். சோலோ வாசிப்பவருக்குக் கிடைக்கிற தரையே மாறுவது தெரியும்.

அப்புறம் பியானோ கலைஞர் ரெட் கார்லண்ட். இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவில் ஒரு கார்டு, நான்காம் தட்டுக்குப் பின் அரைத் தட்டில் ஒன்று: அவர் அடிக்கடி வாசித்த வடிவம் இது. நான்காம் தட்டுக்குப் பின் வருவது அடுத்த பாரின் கார்டாக இருக்க வேண்டும். அப்படி முந்திக்கொள்வதில்தான் அந்த ஓட்டம் இருக்கிறது. தாளம் காட்டும் மெட்ரோனோமை 2, 4 தட்டுகளில் மட்டும் ஒலிக்க வைத்து, ஒரு முழுப் பாட்டையும் இந்த ஒரே வடிவத்தில் வாசித்துப் பாருங்கள். அலுப்பாக இருக்கும், விடாதீர்கள்.

கார்டு விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். ரூட்டை (கார்டின் அடி ஸ்வரத்தை) பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். நமக்கு அந்த ரூட்டிலிருந்து எண்ணும் மூன்றாம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும் போதும். டி மைனர் செவனுக்கு நடு சி, அதற்குக் கீழே உள்ள எஃப். அடுத்து ஜி செவன்: எஃப் அப்படியே இருக்க, சி மட்டும் அரைப்படி இறங்கி பி ஆகும். சி மேஜர் செவனுக்கு பி நிற்கும், எஃப் இறங்கி ஈ ஆகும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விரல்தான் நகர்கிறது. இதை 12 கீகளிலும் (சுருதிகளிலும்) கை தானாகப் போகும் வரை வாசித்த பிறகு மற்ற ஸ்வரங்களைச் சேர்க்கலாம். நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே உள்ள சி-யைத் தாண்டி இறங்கினால் பேஸோடு மோதிக் கலங்கிவிடும்.

குழுவில் கிதாரும் இருந்தால், யாருடைய சோலோவுக்கு யார் வாசிப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து கார்டு போட்டால் சோலோவுக்கு இடமே இருக்காது. டிரம்ஸ் வாசிப்பவரின் ஸ்னேர் டிரம்மும் காம்பிங்தான் செய்கிறது, அதையும் கவனியுங்கள். சில நேரம் பியானோவே வேண்டாம். 1954 டிசம்பர் 24 ஒலிப்பதிவில் மைல்ஸ் டேவிஸ் தன் சோலோவின்போது வாசிக்க வேண்டாம் என்று பியானோ மேதை தெலோனியஸ் மங்கிடம் கேட்டுக்கொண்டார். வாசித்தவரோ மங்க்! யாராவது நம்மிடம் அப்படிக் கேட்டால் மனம் சுருங்கத் தேவையில்லை.

பாடகருக்கு வாசிப்பது தனிக் கலை. கீயை முதலில் கேளுங்கள். பாட்டின் கடைசி 8 பாரை முன்னிசையாக வாசித்து, அந்தக் கீயின் ஐந்தாம் ஸ்வரத்தில் அமைந்த கார்டில் நிறுத்தினால், அவருக்குத் தொடக்க ஸ்வரம் காதில் விழுந்துவிடும். மெட்டைக் கூடவே வாசிக்காதீர்கள், அவர் வரிகளை இழுத்தும் முந்தியும் பாடும் சுதந்திரம் போய்விடும். மூச்செடுக்கும் இடத்தில் இரண்டு ஸ்வரம் போதும். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பல ஆண்டுகள் வாசித்த டாமி ஃப்ளானகனை இதற்காகவே கேட்கலாம்.

பேஸ் சோலோ வரும்போது கையை மேல் ஆக்டேவுக்குக் கொண்டுபோய், இரண்டு ஸ்வரம் மட்டும் மெல்ல வைத்து, உடனே எடுத்துவிடுங்கள். கோரஸ் (பாட்டின் ஒரு முழுச் சுற்று) எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருங்கள். சோலோ முடிந்து மெட்டு திரும்பும் முதல் தட்டில் எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.