அப்பச்சியின் இடது பக்கம்

மதுரை ஆஸ்பத்திரியில் இருந்து நேற்று ராத்திரிதான் காரைக்குடி திரும்பினோம். அப்பச்சிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, கண் நீர் அழுத்த நோய். க்ளாக்கோமா என்றார் டாக்டர்.

நாலைந்து மாதமாகவே வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், நடக்கும்போது இடது பக்கத் தூணில் தோளை இடித்துக்கொண்டிருந்தார். "பார்த்து நடங்க அப்பச்சி" என்று சொன்னதோடு விட்டுவிட்டோம். பேப்பரைத் தெளிவாகத்தானே படிக்கிறார் என்ற நினைப்பு. அதுதான் எங்களை ஏமாற்றிவிட்டது. இந்த நோயில் பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகிறது. நடுப்பார்வை வெகுநாள் தாக்குப்பிடிக்கும். பலருக்கு வலியே இருக்காது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்பது வழக்கமான அளவு. ஆனால் அதற்குள் இருந்தும் சிலருக்கு நரம்பு கெடும். அதனால் கண்பாப்பாவை விரித்து நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்ப்பது போதாது. இரண்டு வருஷம் நாங்கள் அதைத்தான் செய்தோம், நினைத்தால் மனசு ஆறவில்லை.

கண்புரை மாதிரி ஆபரேஷன் செய்து மீட்க முடியாது, போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றத் தினமும் சொட்டு மருந்து.

பெற்றவர்களுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். எனக்கு 43, தம்பிக்கு 40. வியாழக்கிழமை தேவகோட்டைப் பெரியப்பச்சியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் பரிசோதனைக்குப் போகிறோம்.